உப்புச் சர்க்கரைக்கு முன்

எனக்குப் பிறவியிலேயே ஒரு விரை இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வயதுவரை யாரிடமும் சொல்லாமல் பட்ட பாடு போதும்.

நாலு வயதில் கோயமுத்தூரில் வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே தேடினார்கள். மேலேயே தங்கியிருந்தால் கீழே இறக்கி வைக்கலாம் என்று எண்ணம். இறக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இருக்கிற ஒன்று முறுக்கிக்கொள்ளாமல் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் குடலிறக்கம் என்று சொன்னார். பிறகு நான் கிரிக்கெட் ஆடக் கிளம்பும்போதெல்லாம், அடிபடாமல் காக்கும் கார்டைப் போட்டேனா என்று வாசல்வரை வந்து கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

தாராபுரத்தில் பெண் பார்த்து, இரு வீட்டுக்கும் பிடித்துப்போய், உப்புச் சர்க்கரை மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் கைமாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

மருத்துவரிடம் போனேன். ஹார்மோன், விந்துப் பரிசோதனை எல்லாமே சரியாக இருந்தன. இருக்கிற ஒன்றே இரண்டின் வேலையையும் பார்க்கிறது, மருந்து மாத்திரை வேண்டாம், குழந்தை பிறக்கவும் இதனால் தடையில்லை என்றார். பார்வைக்கு வேண்டுமானால் சிலிக்கானில் செய்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம், சின்ன அறுவைதான், அது உங்கள் விருப்பம் என்றார். அடுத்த வாரமே வைத்துவிடுங்கள் என்றேன். யாருக்காக என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடப் போகிறேன் என்றதும், அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"உப்புச் சக்கரை மாத்தி முடியட்டும் கண்ணு. அப்பறமாச் சொல்லிக்கலாம்."

அம்மாவின் பயம் புரிந்தது. கோபமும் வந்தது. அந்தப் பெண் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டுச் சொன்னால், அதற்குப் பேர் சொல்வதா?

அவளுக்குக் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் வேலை. அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வந்ததைப் பாதியில் மறந்து, எப்படியோ சொல்லி முடித்தேன். வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். வலிக்குமா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அந்தச் சிலிக்கான் அறுவையைப் பற்றி விசாரித்தாள்.

"எனக்கோசரம்னா அது வேண்டாமுங்க. உங்களுக்கே வெச்சுக்கோணும்னு இருந்தாச் சொல்லுங்க, நானும் கூட வாரேன்."

வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் தேங்காய் பன்னைக் கடிக்காமல் என்னையே பார்த்தார். அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த அறுவையை நான் செய்துகொள்ளவே இல்லை. அதற்கப்புறம் எனக்கு அது தேவைப்படவில்லை.

உப்புச் சர்க்கரைக்குக் கிளம்பும் காலையில் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். சொல்லிவிட்டாயா என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?"

"கூட வாரேன்னாங்கம்மா."

அம்மா தட்டிலிருந்த சர்க்கரைப் பையைப் பிரித்து, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார். கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இனிமேட்டுக்குக் கார்டு போட்டயான்னு அந்தப் புள்ளயவே கேக்கச் சொல்லோணும்."