ஏழு நாள் நீலம்

எங்கள் தெருவில் விளக்கு வைத்த பிறகும் சாயம் பார்த்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதுவும் தம்பியின் மூத்திரத்தில்.

அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அந்த வருஷம் அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், குச்சியாய் இளைத்தான், ஒரு நாள் கண்ணே திறக்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் நீரிழிவு என்றார். கிழவர்களுக்கு வருகிற வியாதி இந்தப் பொடியனுக்கு எப்படி வந்தது என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது. நல்ல வேளையாக அதற்கு ஊசி மருந்து வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதைச் சூடுபடாமல் ஈரமணல் சட்டியில் வைத்திருந்து, இரண்டு வேளையும் அப்பாவே தம்பியின் தொடையில் குத்துவார்.

ராத்திரிதான் பயம். மருந்தின் வேகத்தில் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். ஒரு தடவை அப்படி ஆகி, வியர்த்துச் சில்லிட்டுக் கிடந்தவன், அம்மா வெல்லத்தைக் குழைத்துக் கன்னத்துக்குள் தடவிய பிறகுதான் விழித்தான். அதற்காக டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீலத் தண்ணீரும் கொடுத்தார். படுக்கும் முன் தம்பியின் நீரில் எட்டுச் சொட்டை அதில் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. வெல்லம் போட்ட பால் கொடுத்துப் படுக்க வைக்கலாம். பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏறினால் சர்க்கரை ஏறுகிறது. ஒன்றும் தரக் கூடாது. வாரம் ஒரு தடவை வந்து, என்ன நிறம் என்று சொன்னால் போதும் என்றார்.

நிற விஷயத்தில் அப்பாவிடம் ‘போதும்’ என்று சொல்லலாமா?

“பச்சைன்னா எந்தப் பச்சைங்க அய்யா? கிளிப்பச்சைங்களா, பாசிப்பச்சைங்களா?”

“வெறும் பச்சைன்னு சொல்லுப்பா.”

“வெறும் பச்சைன்னு ஒரு பச்சை கிடையாதுங்களே.”

அப்பா தன் வழியில் போனார். ராத்திரி குழாயை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொள்வார். விடிந்ததும் அதே நிறத்தில் ஒரு பட்டு நூலைத் தேடியெடுத்துக் கயிற்றில் முடிவார். தம்பியின் வாரம் முழுவதும் அந்தக் கயிற்றில் தொங்கும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

கொட்டாங்கச்சியில் தம்பியின் நீரைப் பிடித்து வருவது என் வேலை. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அவன் அதைக் காலால் தட்டிவிட்டான். மறுபடி கேட்டால் அவனிடம் இருப்பு இல்லை. திட்டு விழுமே என்று பயந்து, கொல்லைப் பக்கம் போய் நானே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா பாலில் வெல்லம் போட்டுக் கொடுத்தாள். தம்பி பாதியைக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். நல்ல நிறம் வந்ததற்குக் கிடைத்த பரிசு அது என்றே நினைத்தேன். நிறம் என்னுடையது, பாலில் பாதி எனக்கு. இதில் என்ன தப்பு? மறுநாள் தம்பியே, “நீயே போய்ட்டு வாக்கா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்படியே ஏழு நாள் ஓடியது. அப்பா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அடுத்த தடவை டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தம்பியோ மறுபடி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான், பகலிலும் சுருண்டு படுத்தான். பால் குடித்தால் தாகம் எடுக்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலை. அப்பா கயிற்றை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாங்க, கிளம்பலையா?” என்றாள் அம்மா.

“ஏழு நாளும் ஒரே நீலமா இருக்குது. தண்ணி கொஞ்சம் மாறினாலே சாயம் மாறும். உசுரு இருக்கிற உடம்பு, ஒரு நாள் கூட அசையாமயா இருக்கும்?”

அம்மா தண்ணீர்ப் பானையைக் காட்டினாள். அது காலியாகியிருந்தது.

அப்பா தம்பியைத் தானே கொல்லைக்கு அழைத்துப் போனார். அடுப்பில் கொதிக்கக் கொதிக்க நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் அப்பட்டமான செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அதன் பிறகு அவர் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அந்த நீலம் யாருதும்மா?”

“என்னுதுப்பா.”

அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். “மருந்தைக் குறைச்சிருந்தா இவன் செத்தே போயிருப்பாம்மா” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னைப் பார்த்துத் தம்பியும் சேர்ந்து அழுதான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லித் தம்பியைத் தேற்றிக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் கயிற்றில் மறுபடி ஏழு விதமாக நூல் தொங்கியது. தம்பிக்கு அதில் ஏகப் பெருமை. “நாளைக்குக் கிளிப்பச்சை வரும் பாரு” என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

எனக்குத்தான் தண்டனை தீரவில்லை. “இன்னிலேருந்து நீயும் தனியா புடிச்சிக்கினு வா” என்று அப்பா இன்னொரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தார். தினமும் என்னுடையதைத்தான் முதலில் கொதிக்க வைப்பார். தம்பியுடையதை விட அதிக நேரம் விளக்கில் பிடித்துப் பார்ப்பார். நீலமாகவே நின்றதும் மூச்சை விட்டு, “சரி, போய்ப் படு” என்பார். தம்பி என்னைப் பார்த்து, உனக்கு ஒரே நிறந்தான் என்று கேலி செய்வான்.

ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் அன்று அப்பாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. ஒரு தப்புக்கு எத்தனை வருஷம்தான் சந்தேகப்படுவார் என்று கோபம் வரும். அவர் படு என்று சொல்லும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.