அவளுக்கு மட்டும் பாடுகிற பெட்டி

அந்தப் பாட்டுப்பெட்டியை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான். அக்கா அல்ல. இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்லி எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதால் இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. மட்டாஞ்சேரியில் ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்தில் எங்கள் வீடு. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, சமையலறை, அவ்வளவுதான். அப்பாவுக்குக் கடைவீதியில் மிளகுக் கிடங்கில் வேலை. சாயங்காலம் அவர் சட்டையோடு மிளகின் காரமும் வீட்டுக்குள் வரும். யாராவது ஒருவர் தும்மினால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அப்பாவின் அக்காவான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். மெஷின் ஓடும், டிவி ஓடும், அத்தை பேசுவாள். மூன்றும் ஒன்றாக நடக்கும்.

மலையாளப் பத்திரிகையில் வாரம் ஒருநாள் புதுப் புது சாமான்களைப் பற்றி ஒரு பக்கம் வரும். எனக்கு அப்போது தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மலையாளம் சரளமாக ஓடும். அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். அதில்தான் அதைப் பார்த்தேன். புதிதாகக் கடைக்கு வந்திருக்கும் பாட்டுப்பெட்டி, தீப்பெட்டியைவிடச் சின்னது, சட்டையில் குத்திக்கொண்டு நடக்கலாம், நூற்றுக்கணக்கான பாட்டு உள்ளே அடங்கும். அம்மாவின் நூல் வெட்டும் கத்தரியால் படத்தை வெட்டி சயன்ஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். தினமும் எடுத்து அக்காவிடம் காட்டினேன். எங்கே அமுக்கினால் பாட்டு மாறும், எப்படி சார்ஜ் ஏறும் என்று விளக்கினேன். அவள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாதவள் அவள். வீட்டில் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது, சேனல் ட்யூன் பண்ணுவது எல்லாம் நான்தான். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, என்னை எஞ்சினீயர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாமாதான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், நல்ல மார்க் வாங்கினால் கேட்டதை வாங்கித் தருவதாக. அக்கா வாங்கினாள். எங்கள் சந்திலேயே அவள்தான் அதிகம். மாமா ஒரு பொட்டலம் ஹல்வாவோடு வந்து உட்கார்ந்தார்.

“எந்தா வேணும், சொல்லு” என்றார்.

அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “அந்தச் சின்னப் பாட்டுப்பெட்டி மாமா. இவ படம் வெட்டி வெச்சிருக்காளே, அது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹல்வாவைப் பார்த்தேன்.

அதுவரை எங்கள் வீட்டு வழக்கம், அவள் உடுத்தி முடித்ததை நான் உடுத்துவது. அவள் படித்து முடித்த புத்தகம், அவளுக்குச் சின்னதாகிப்போன செருப்பு, அம்மா பிடித்துத் தைத்த அவளுடைய பாவாடை, எல்லாம் எனக்கு வரும். அதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியதில்லை. ஆனால் நான் ஆசைப்பட்டு வைத்திருந்த ஒன்றை அவள் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என் பெயரைச் சொல்லி. ‘இவ படம் வெட்டி வெச்சிருக்காளே’ என்று அவள் நேர்மையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஹல்வா தின்றதனால் என்று அம்மா நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் போய் வாங்குவது என்று ஆயிற்று. “எஞ்சினீயரும் வரட்டும். நமக்கு இதைப் பத்தி ஒண்ணும் அறியாது. அவ பார்த்து கொள்ளாம்னு சொன்னா வாங்கலாம்” என்றார் மாமா. எங்கள் வீட்டில் நன்றாக இருக்கிறது என்பதற்கு மலையாளத்தில் ‘கொள்ளாம்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாதம் அத்தைக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது. பாலக்காட்டில் அத்தையின் புருஷன் வழி உறவில் ஒரு பையன், சொந்தக் கடை, தங்கமான குடும்பம். அக்காவைக் கொடுத்துவிடலாம் என்று அத்தை சொல்வாள். படிக்கட்டும் என்று அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள். பார்க்கலாம் என்று அப்பா இரண்டு பேரிடமும் சொல்வார். அக்காவின் நிறம், உயரம், அவளுடைய ஜாதகம், படிக்கவைத்தால் பிறகு வரன் அமையுமா என்பது, எல்லாம் தினமும் அந்த முன்னறையில் வரும். அக்கா அதே அறையின் மூலையில் நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள். உட்கார வேறு இடம் இல்லை. எனக்கு அது டிவியில் ஓடும் தொடர் மாதிரிதான், எப்போது தொடங்கியது என்றும் தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது.

ஞாயிறு காலை படகுத்துறையில் போட் ஏறினோம். வல்லார்பாடம் பக்கம் மண்ணடிக்கும் இயந்திரங்கள் நின்றன. பெரிய பெரிய கண்டெய்னர் கப்பலெல்லாம் இனி அங்கேதான் வரும் என்று மாமா விளக்கிக்கொண்டு வந்தார். அக்கா அவளுடைய நல்ல சுடிதாரைப் போட்டிருந்தாள். அடிக்கடி என் பக்கம் திரும்பி, “சார்ஜ் எத்தனை மணிக்கூர் நிக்கும்னு சொன்னே?” என்று கேட்டாள். நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். போட்டில் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

கடையில் ஏசி ஓடியது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்ற சேட்டன், பூட்டைத் திறந்து, ஒரு கறுப்புத் துணியின்மேல் அதை எடுத்து வைத்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. வெள்ளை. மூலைகள் எல்லாம் சோப்பு தேய்ந்தது போல மழமழவென்று. காதில் வைக்கும் இரண்டு குமிழையும் அவர் அக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்கு அதை வைக்கத் தெரியவில்லை. நான்தான் வைத்துவிட்டேன். அவர் பொத்தானை அமுக்கினார்.

அக்காவின் முகம் மாறியது. எப்படி என்று சொல்ல எனக்கு இப்போதும் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடினாள், தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. அதுவரை அவள் தோளைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மாமா ஏதோ கேட்டார், அவள் திரும்பவில்லை. நான் “அக்கா” என்றேன். இன்னொரு தடவை, சத்தமாக, “அக்கா” என்றேன். கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தும் அவள் அங்கே இல்லை.

பிறகு என் முறை வந்தது. குமிழ்களில் இன்னும் அவள் காதின் சூடு இருந்தது. பாட்டு வெளியிலிருந்து வரவில்லை. என் மண்டைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து எனக்காக வாசிப்பது போல இருந்தது. கடை, மாமா, ரோட்டில் பஸ்ஸின் ஹார்ன், எல்லாம் துடைத்தாற்போல் போய்விட்டன. அதைவிட நல்ல பொருளை நான் என் வாழ்க்கையில் தொட்டதில்லை. இது நாளைக்கு அவள் காதில் இருக்கும், அவள் கண்ணை மூடுவாள், நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். குமிழை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“எந்தா எஞ்சினீயரே. கொள்ளாமா?” என்றார் மாமா.

“இதுல ஸ்கிரீன் இல்லை” என்றேன். என் குரல் எனக்கே பெரிய மனுஷி குரல் மாதிரி கேட்டது. “எந்தப் பாட்டு வரும்னு நமக்குத் தெரியாது. அது இஷ்டத்துக்குப் பாடும்.”

சேட்டன் சிரித்துக்கொண்டு, அதுதான் மோளே இதன் ரசமே என்றார். நான் விடவில்லை. பாட்டு ஏற்ற கம்ப்யூட்டர் வேண்டும், நம் வீட்டில் இல்லை. பேட்டரியை மாற்ற முடியாது, அது செத்தால் பெட்டியும் செத்தது. ரேடியோ கிடையாது. நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இந்தச் சின்ன ஓட்டைகள் துருப்பிடிக்காதா? இவ்வளவு சின்னதை அக்கா ஒரு வாரத்தில் தொலைப்பாள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் அதிசயம். அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கடைசிப் பத்தியில் குறைகள் என்று போட்டிருந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சேட்டனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாத்தையும்விட,” என்று கடைசியாகச் சொன்னேன், “இதுக்கு ஸ்பீக்கர் இல்லை மாமா. ஒருத்தருக்குத்தான் கேக்கும். வீட்டில வேற யாருக்கும் கேக்காது.”

“அது செரியாக்கும்” என்றார் மாமா. குடும்பஸ்தர் அல்லவா, அந்தக் குறை அவருக்கு உடனே புரிந்தது. அக்காவிடம் திரும்பி, “நீ எந்தா சொல்றே?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நீளமாகத்தான் பார்த்தாள். கோபமாக இருந்தால் நான் சமாளித்திருப்பேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கணக்கை மனசுக்குள் போட்டு முடிப்பது போல இருந்தது.

“அவ சொன்னா செரியா இருக்கும் மாமா” என்றாள்.

அதற்குப் பதிலாக வாங்கியது ஒரு சிடி பிளேயர். ரேடியோவும் உண்டு, கைப்பிடி உண்டு, இரண்டு பக்கமும் தவளைக் கண் போல ஸ்பீக்கர். தேர்ந்தெடுத்தது நான். திரும்பி வரும்போது போட்டில் அட்டைப்பெட்டி அக்காவின் மடியில் இருந்தது. அவள் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. அவள் ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.  கரையில் இறங்கும்போது, படி வழுக்கும், பார்த்து வா என்றாள்.

வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. பிளேயர் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் ஏறியது. காலையில் அத்தைக்கு பக்திப் பாட்டு, மத்தியானம் அம்மாவுக்கு பழைய சினிமாப் பாட்டு, சாயங்காலம் அப்பாவுக்கு ரேடியோவில் செய்தி. அதை இயக்குகிற வேலை எனக்கு. அக்காவின் மார்க்குக்கு வந்த பரிசு என்பதை ஒரு வாரத்துக்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. மறக்காததுதான் எனக்கு ருசியாக இருந்தது.

பாட்டுச் சத்தம் கூடியதால் பேசுகிறவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள். அத்தை இப்போது அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசினாள். பாலக்காட்டுக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக நாளும் குறித்தாயிற்று. கடைசியில் அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அவர்கள் வந்து பஜ்ஜி தின்று சாயா குடித்துவிட்டுப் போய், வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அக்கா எர்ணாகுளத்தில் காலேஜில் சேர்ந்தாள், படித்தாள், இப்போது ஹைதராபாத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். அந்தப் பெட்டியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் பாலக்காட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் இதில் ஒன்றும் முடிவாகியிருக்கவில்லை.

அன்றைக்கு அத்தை அப்பாவிடம், பெண்ணுக்கு நிறம் கொஞ்சம் மட்டு, அதனால் அவர்கள் கேட்பதை நாம் மறுத்துப் பேசக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா மெஷினை நிறுத்தியிருந்தாள். அப்பா பார்க்கலாம் என்றார். மூலையில் புத்தகத்தோடு இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“பாட்டு வை.”

வைத்தேன். அவள் அந்தப் பிளேயரில் பாட்டு வைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“கொஞ்சம் சத்தமா.”

கூட்டினேன். அத்தையும் குரலைக் கூட்டினாள்.

“இன்னும்” என்றாள் அக்கா.

சத்தம் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினேன். ஸ்பீக்கர் இரண்டும் அதிர்ந்தன. அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். நான் காதில் வாங்காதது போல நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருவழியாக அக்காவுக்கும் நான் தேர்ந்தெடுத்தது பிடித்துவிட்டது, கொள்ளாம் என்று அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் அவள் ஆசையாகக் கேட்கிறாளே என்று பெரிய மனசு பண்ணி, முடியும்வரை மாற்றாமல் விட்டேன்.