எருமைச் சேற்றில் இறங்கிய விமானம்

விசுவாசிகளே, குடும்பச் செய்தியைப் பொதுவில் விரிப்பது என் வழக்கமன்று. ஆயினும் பெற்ற வரத்தை மறைப்பது நன்றிகேடு. ஆகவே எழுதுகிறேன்.

என் ஒரே மகன் அருளப்பன் என் கண்ணெதிரே சாகப்போகிறான் என்று நான் உறுதியாக எண்ணிய கணம் ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவே, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளை அடுத்த ஒரு முற்பகல் அது. ஆவூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்க் கண்மாய் வற்றி, களம்போல் இறுகிக் கிடந்தது. விமான ஓட்டியான அருளப்பன், உரிய அனுமதி பெற்று, ஒரு சிறிய விமானத்தில் அங்கே வந்து இறங்குவதாக ஏற்பாடு. அவன் தாய் ஆசைப்பட்டாள். நான் ஆசைப்படவில்லை. ஆசிரியர்களும் குருக்களும் பிறந்த குடும்பத்துக்கு இத்தொழில் எதற்கு என்பது என் கேள்வி. அது நியாயமான கேள்வியே.

பூசை முடிந்து நானும் மனைவியும் கரையேறியபோதுதான் அதைக் கண்டேன். அவன் இறங்கவேண்டிய முனையில் இரண்டு பனங்கம்பங்களை நட்டு, குறுக்கே பருத்த வடத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பெரியவர் யார் வந்தாலும் தோரணத்தின் கீழாகவே அழைத்து வருவோம். அதே மரியாதை இவனுக்கும்.

"உபதேசியாரே, விமானம் மேலேயிருந்தல்லவா வரும்?" என்றேன், தோரணத்தை முன்னின்று கட்டுவித்த எங்கள் கோயில் உபதேசியாரிடம்.

"பிஷப்பு காரே இதுக்குள்ளாற நொழஞ்சுதான் வந்துச்சு. ஒங்க மவன் மட்டும் எகிறிக் குதிச்சா வருவாக, வாத்தியாரய்யா?" என்று சிரித்தார் அவர்.

அவிழ்க்கச் சொல்வதற்குள் இரைச்சல் கேட்டது.

விமானம் தாழ்ந்து வந்தது. பனைமரங்களின் பின்னணியில் தோரணம் அவன் கண்ணில் படவில்லை. சக்கரம் வடத்தில் சிக்கியது. ஒரு கம்பம் பெயர்ந்தது. விமானம் ஒருபுறம் சாய்ந்து தள்ளாடியது. அவனுக்கு நேர் எதிரே, மேளத்தோடு வரவேற்க ஓடிய கூட்டம். நேராக இறக்கினால் அவன் தப்பலாம். அவர்கள் தப்ப முடியாது.

நான் இலத்தீனிலும் செபம் சொல்லக் கற்றவன். அப்போது ஒன்றும் நாவில் வரவில்லை. "மாதாவே, என் பிள்ளை" என்றேன். அதற்குமேல் குரல் எழவில்லை.

அவன் விமானத்தை இடப்புறம் திருப்பினான். அங்கே எருமைகள் புரளும் சேற்றுக்குழி. கண்மாயில் காயாமல் எஞ்சியிருந்த இடம் அது ஒன்றே. இறக்கை ஒடிந்தது. மூக்கு சேற்றில் புதைய, வால் வானம் பார்த்து நின்றது. தீப்பற்றவில்லை.

கஞ்சி போட்ட வேட்டியுடன் அந்தச் சேற்றில் இறங்கி நடந்தேன். அவன் கை முறிந்திருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தான்.

"அப்பா, அங்கிட்டு யாருக்கும் அடி படலையே?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப ஏன் மேளத்த நிறுத்திட்டாக? வாசிக்கச் சொல்லுங்க."

அவன் கேலி செய்கிறான் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. கரையில் உபதேசியார் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார்.

நான் கேட்டது என் பிள்ளை ஒருவனை. மாதா ஊரார் பிள்ளைகள் அத்தனை பேரையும் அவன் கையாலேயே காத்துத் தந்தாள். மகனின் தொழிலைப் பற்றி யாரேனும் கேட்டால், "விமான ஓட்டி" என்று இப்போது நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். ஆண்டுதோறும் பாஸ்கு முடிந்ததும் அந்தக் குழியருகே மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிடுகிறோம். எருமைகள் பார்க்கும், ஊராரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நெருக்கடியில் இருப்பவர்களே, நல்ல வாக்கியம் அமையட்டும் என்று காத்திராதீர்கள். பாதிச் சொல் போதும். மீதி அவளுக்குத் தெரியும்.