பென்சிலில் எழுதிய சீட்டுகள்

எங்கள் வீட்டு அலமாரியில் மேல்தட்டில் சாமி படங்களும் கீழ்த்தட்டில் சிலந்திகளும் இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு கூரை மூலைகளில் இருக்கும் சிலந்திகளைத் துரத்துவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீழ்த்தட்டில் இருக்கும் சிலந்திகள்மேல் தூசி படாமல் பழைய துண்டு ஒன்றைப் போர்த்திவைப்பாள். ஒரே வீட்டில் ஒரே ஜாதிப் பிராணிக்கு இப்படி இரண்டு விதமான நீதி வழங்கப்படுவதைப் பற்றி யாரும் அலட்டிக்கொண்டதில்லை. கீழ்த்தட்டில் இருந்தவை சித்தியின் சிலந்திகள்.

சித்தி அம்மாவின் தங்கை. திருநெல்வேலியில் படிப்பை முடித்துவிட்டு, ஆராய்ச்சி செய்வதற்காக டில்லிக்கு வந்து எங்களோடு கோல் மார்க்கெட்டில் இருந்தாள். அப்பாவுக்கு மத்திய சர்க்காரில் வேலை. இரண்டு அறையும் பின்னால் ஒரு சிறிய முற்றமும் கொண்ட குவார்ட்டர்ஸ். எழுபதுகளின் பின்பாதி அது. ஒரு பெண் தனியாக டில்லிக்குப் போய்ச் சிலந்தி பிடிக்கிறாள் என்பதை ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் தாத்தா, 'மேல்படிப்பு' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

சித்தியின் சிலந்திகள் நாம் பார்க்கிற சிலந்திகள் அல்ல. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். வலை பின்னி நடுவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணாது. உதிர்ந்து மக்கிய இலைகளுக்கு அடியிலும், குகைக்குள்ளே வெளிச்சம் எட்டாத இடத்திலும் ஒளிந்து வாழும். வீட்டுக்குப் பக்கத்தில் மந்திர் மார்க்குக்குப் பின்னாலிருந்த ரிட்ஜ் காட்டில் அவள் சருகுகளை அள்ளி வெள்ளைத் துணியில் சலிப்பாள். நானும் கூடப் போவேன். துணியில் நூறு தூசு விழும். அதில் ஒரு தூசு நடக்கும். அதுதான் சிலந்தி.

ஆனால் அவளுடைய பொக்கிஷம் மேகாலயாவிலிருந்து வந்தது. அவளுடைய புரொபசரும் அவர் மனைவியும் துணைக்கு வந்ததால் தாத்தா அனுமதித்த ஒரே பயணம் அது. நான்கு குகைகளிலிருந்தும் அந்தக் குகைகளின் வாசலில் கிடந்த சருகுகளிலிருந்தும் சித்தி சிலந்திகளைக் கொண்டுவந்திருந்தாள். வாசலில் கிடைத்தவற்றுக்கு ஆறு கண்கள். உள்ளே கிடைத்தவற்றில் சிலவற்றுக்குக் கண்ணே இல்லை, நிறமும் வெளிறிப்போயிருந்தது. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது, எல்லாம் ஒரே குடும்பம் என்பது சித்தியின் கட்சி.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு பேரு புதுசா பார்த்துக்கிட்டா, நீ யாரு மக, எந்த ஊருன்னு கேப்பாங்கல்லா, அதேதாண்ட்டி இது" என்று எனக்கு விளக்கினாள். யார் மகள் என்பதை ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் சின்னக் கைபோல நீளும் உறுப்பின் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த ஊர் என்பதைச் சீட்டு சொல்லும்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோமியோபதிக் கடையில் வாங்கிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஸ்பிரிட் ஊற்றிச் சிலந்தியைப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும், சிலந்தியோடு சேர்த்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காகிதச் சீட்டு. எந்தக் குகை, வாசலிலிருந்து எத்தனை அடி உள்ளே, என்ன தேதி, நோட்டில் எத்தனையாவது எண் என்று பொடி இங்கிலீஷ் எழுத்தில் பென்சிலால் எழுதியிருப்பாள். சீட்டு இல்லாவிட்டால் அந்தச் சிலந்தி வெறும் தூசு என்பாள். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏன் பென்சில் என்று மட்டும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் தாத்தா மதுரையில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பேங்க் உத்தியோகம். சித்தியின் ஆராய்ச்சிக்கு அனுமதித்த காலம் ஜூலையோடு முடிகிறது. குகைச் சிலந்தி பற்றிய கட்டுரையைக் கொடுத்தால் இரண்டு வருஷம் நீட்டிப்பு கிடைக்கும் என்று புரொபசர் சொல்லியிருந்தார். நீட்டிப்பு கிடைத்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று தாத்தா எழுதினார். தாத்தா யார் பேச்சையும் கேட்கமாட்டார், மூத்த மாப்பிள்ளையான என் அப்பாவின் பேச்சைத் தவிர. அப்பாதான் மாசம் ஒரு கடிதம் எழுதித் தாத்தாவைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார். இவள் பொறுப்பான பெண், கெட்டிக்காரி, அவசரப்பட வேண்டாம் என்று.

எனக்கு இதில் பாதி புரிந்தது. சீட்டும் சிலந்தியும் நன்றாக இருந்தால் சித்தி எங்களோடு இருப்பாள், இல்லாவிட்டால் போய்விடுவாள். அவள் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இரவில் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். என் தலையைப் பின்னுவதும் அவள்தான்.

நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புவரை பென்சில். ஐந்தில்தான் மைப்பேனா. அது ஒரு பட்டாபிஷேகம். அப்பா எனக்குப் பேனாவும் ஒரு புட்டி நீல மையும் வாங்கித் தந்தபோது, அவருடைய ஆபீஸ் ஞானத்தையும் சேர்த்துத் தந்தார்: "பென்சில்ல எழுதினா கச்சா. இங்க்ல எழுதினாத்தான் பக்கா." என் கையெழுத்து வேறு நன்றாக இருக்கும். வகுப்பில் பரிசு வாங்கியிருந்தேன். அச்சடித்த மாதிரி எழுதுகிறாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இப்போது யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம்.

ஒருநாள் சித்தி தான் வரைந்த படங்களைப் புரொபசரிடம் காட்டக் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டாள். வெளியே லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அம்மா தூங்கினாள். நான் துண்டை விலக்கிக் குப்பிகளை வெளியே எடுத்தேன். புரொபசருக்கு மேலே இருக்கும் பெரிய பெரிய ஆட்கள் இதைப் பார்க்கப்போகிறார்கள்; பென்சில் கிறுக்கலைப் பார்த்தால் கச்சா வேலை என்று நினைக்கமாட்டார்களா?

நான் அசட்டையாகச் செய்யவில்லை. இன்றுவரை அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு குப்பிதான் திறந்தேன். சித்தியின் இடுக்கியால் சீட்டை எடுத்து, அதே அளவில் வேறு காகிதம் வெட்டி, ஒரு எழுத்துக்கூட விடாமல் நீல மையில் எழுதி, ஊதிக் காயவைத்து, அதே குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்தேன். நாற்பத்திரண்டு குப்பிகள். ஒன்றுகூட மாறவில்லை. பழைய சீட்டுகளைக் கசக்கிக் குப்பை வாளியில் போட்டேன். நாலு மணிக்குக் குப்பை எடுக்க வந்த அம்மாள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போனாள்.

சித்தி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "சித்தி, எல்லாத்தையும் பக்கா பண்ணிட்டேன்" என்று துண்டை எடுத்தேன்.

குப்பிகளெல்லாம் வெளிர் நீலமாக இருந்தன. உள்ளே வெள்ளைச் சீட்டுகள். எதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஸ்பிரிட்டில் மை கரையும், பென்சில் கரையாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சித்தி ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஆறேழு குப்பிகளை அப்படிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பழைய சீட்டெல்லாம் எங்கட்டி?"

சொன்னேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்த குப்பைத்தொட்டிக்கு ஓடினாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, காய்கறித் தோலையும் டீத்தூளையும் இரண்டு கையாலும் கிளறினாள். பஞ்சாபி மாமி ஒருத்தி மாடியிலிருந்து, "க்யா கோ கயா, பஹன்ஜி?" என்று கேட்டாள். என்ன தொலைந்தது என்று கேட்டவள், நகை என்று நினைத்திருப்பாள். பதினொரு சீட்டுகள் கிடைத்தன. எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து அவற்றை வரிசையாக நிமிர்த்தி வைத்த பிறகுதான் சித்தி சொன்னாள், எந்தச் சீட்டு எந்தக் குப்பியில் இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்று. நோட்டில் எல்லா எண்ணும் இருந்தன, எந்த எண் எந்தக் குப்பி என்பது சீட்டில் மட்டும்தான் இருந்தது. கண் இல்லாதது குகைக்குள்ளிருந்து வந்தது என்று சொல்லலாம். நான்கு குகைகளில் எந்தக் குகை? ஆறு கண் உள்ளது எந்த வாசலில் கிடந்தது? படம் வரைந்திருந்த ஒன்பதை மட்டும் அடையாளம் கண்டாள். மற்றவை எல்லாம் ஊர் இல்லாமல் போயின.

அப்பா வரும் நேரம் ஆயிற்று. ஒரு மாசத்துக்கு முன்னால்தான் ஆபீஸ் பைல் ஒன்றின் பின்பக்கத்தில் நான் வீடு படம் வரைந்துவிட்டேன் என்று அப்பா மரஸ்கேலால் அடித்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய், சித்திதான் ஒத்தடம் கொடுத்தாள்.

அப்பா வாசலில் நுழைந்ததும் குப்பிகளைப் பார்த்துவிட்டார். "இது என்ன கோலம்?"

என் விரலெல்லாம் நீலம். சித்தி என் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான்தான் அத்தான். சீட்டு அழுக்கா இருக்குன்னு அவசரத்துல இவ பேனாவ எடுத்து மாத்தி எழுதிட்டேன். கரையும்னு நினைக்கல."

அப்பா நம்பவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நம்பிவிட்டார். "ஆராய்ச்சி பண்ணுத பிள்ளைக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான். அடியில்லை, சத்தமில்லை. நான் மூச்சு விட்டேன். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அது எங்கள் குடும்பத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. சிலந்தி டாக்டர் ஆகப்போனவள் ஸ்பிரிட்டுக்குள் மையால் எழுதிய கதை. மதுரையில் கல்யாணப் பந்தியில் அப்பா அதைச் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல தடவை கேட்டுக் கேட்டு, சித்திதான் அப்படிச் செய்தாள் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். சித்தி அதன் பிறகு சிலந்தி பக்கம் போகவில்லை. நான் வளர்ந்து ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தபோது, "காப்பி ஆறுது, குடி" என்றாள்.

சித்தி உண்மையைச் சொல்லியிருந்தால், சின்னப்பிள்ளை செய்த காரியம், இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள் என்று அப்பா தாத்தாவுக்கு எழுதியிருப்பார். என் நீல விரல்களை அன்றே கவனித்திருந்த அம்மா இதை என்னிடம் சொன்னபோது எனக்கே கல்யாண வயது. அப்பா அப்படி எழுதவில்லை. இவ்வளவு கவனக்குறைவான பெண்ணுக்காக இனி நான் சிபாரிசு செய்ய முடியாது, மதுரை இடத்தையே முடித்துவிடுங்கள் என்று எழுதினார்.

அந்தக் கடிதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இன்லேண்ட் லெட்டரில் எழுதி முடித்துவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ அட்ரஸ் எழுது, உன் கையெழுத்துதான் தெளிவா இருக்கும்" என்றார். உள்ளே நெருக்கமாகத் தமிழ் வரிகள். டில்லியில் பிறந்த எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. மடித்துப் பசை தடவி ஒட்டினேன். தாத்தாவின் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில், நீல மையில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினேன். இது ஸ்பிரிட்டில் நனையாது, கரையாது என்று எனக்குள் ஒரு தெம்பு.

சித்தி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கே போகிறேன் என்று கேட்டாள். தாத்தாவுக்குக் கடிதம் போட என்று சொல்லி, அட்ரஸ் நான் எழுதினேன் என்று நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொஞ்ச நேரம் அது அவள் கையில் இருந்தது. அறைக்குள் அப்பா பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"அழகா எழுதிருக்கட்டி" என்று திருப்பிக் கொடுத்தாள். "வெயில் ஏறுதுக்குள்ள போட்டுட்டு வா."

மூன்று நாளாக அவள் என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்திக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, இனி எங்கும் போகமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைக் கசங்காமல் பிடித்தபடி தபால் பெட்டிவரை ஓடினேன்.