'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதாத ரெஜினா

ரெஜினா இறந்த செய்தி வந்தபோது ஸ்கேன் மெஷினுக்குள் ஒருவர் படுத்திருந்தார். மதிய ஷிப்டுக்கு வந்த டெக்னீசியன் சரசு என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க, ரெஜினாக்கா போயிட்டாங்க" என்றார். நான் திரும்பவில்லை. திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மைக்கை அழுத்தி, "மூச்ச உட்டுட்டு அப்படியே நிறுத்துங்க சாமி" என்றேன். அவரை வெளியே எடுத்து, சட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

டெங்கு. நான்கு நாள் காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்கு வந்திருந்தார். மாற்று ஆள் இல்லை என்று விடுப்பு தரவில்லை. இதை விதி என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் மரியாதையாகப் பேச மாட்டேன்.

அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் ஸ்கேன் மையத்தில் நானும் அவரும் ஒரே வாரத்தில் டெக்னீசியன்களாகச் சேர்ந்தோம். ஏறக்குறைய ஒரே வயது. நான் திருச்செங்கோடு, அவர் சேலம் டவுன். "எல்லாத்துக்கும் 'ங்க' போடறியே, மெஷினுக்கும் போடுவியா?" என்று முதல் நாளே என்னை ஓட்டினார்.

அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் செய்த வேலை தெரியாது. இதயத்தின் ரத்தக்குழாய்களை எம்.ஆர்.ஐ. மெஷினில் படம் எடுப்பது, ஓடும் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் பிடிப்பது போன்றது. இதயம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் கண்ணிமைக்கும் நேரம் அது ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் எடுத்தால் குழாய் தெரியும். முன்னே பின்னே போனால் கலங்கிவிடும். அந்த நேரம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் முதலில் சிறிய ஓட்டப்படம் ஒன்றை எடுத்து, குழாய் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு காட்சியாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ரெஜினா திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, "நில்லு, நில்லு, ஓடாத" என்று இதயத்தையே மிரட்டுவார்.

வெண்ணந்தூரிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். அவசரத்தில் நான் ஓட்டப்படம் எடுக்கவில்லை. முந்தைய ஆளுக்குப் போட்ட நேரமே மெஷினில் கிடந்தது. அதை மாற்றாமல் எடுத்துவிட்டேன். படம் முழுக்கக் கலங்கல். குறிப்புக் கட்டத்தில் எல்லோரும் எழுதுவதையே எழுதினேன்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' எங்களை யாரும் கேள்வி கேட்காமலிருக்க அந்த இரண்டு வார்த்தை போதும்.

ரெஜினா அந்தக் கோப்பைத் திறந்தார்.

"இது யாரோட நேரம்?"

"முன்னாடி வந்தவரோடதுங்க."

"அப்ப ஒத்துழைக்காதது யாரு?"

ரெஜினாவே எழுந்துபோய், செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரைத் திரும்ப அழைத்து வந்தார்.

நேரத்தைச் சரிசெய்தும் படம் தெளியவில்லை. மூச்சு விட்டாலும் படம் கலங்கும்; மூச்சை நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. பல வருடத் தறிச் சத்தம் காதைத் தின்றிருந்தது. "உள்ள என்னமோ சொன்னீங்களா? உங்க மெஷினு எங்க தறியவிட மோசமுங்க. ஆனா இந்தச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வருது சாமி" என்றார். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காதுமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய், அவர் காலடியில் நின்று கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுக்கு எட்டும்படி கத்தினார்: "நான் அழுத்துனா மூச்ச விட்டுட்டு நிறுத்துங்க. கைய எடுத்தா இழுத்துக்குங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் கையைத் தூக்கினேன். ரெஜினா விரலை அழுத்தினார். குழாய் தெளிவாக வந்தது. அதிலிருந்த அடைப்பும் வந்தது. காலையில் நான் எழுதிய குறிப்போடு அந்த மனிதர் ஊருக்குப் போயிருந்தால் அடைப்பும் அவரோடு பஸ் ஏறியிருக்கும்.

அன்று பிற்பகல் வரிசை தாமதமானது. மேலாளர் வந்தார். "எல்லாருக்கும் ஒரே நேரத்தப் போட்டு எடுங்கம்மா."

"எல்லாருக்கும் ஒரே சைஸ் செருப்பு வாங்கித் தருவீங்களா சார்?" என்றார் ரெஜினா.

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ரெஜினா ஒரே வரியில் பதில் எழுதினார்: 'இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் படம் எடுக்க முடியும், நிர்வாகம் சொல்லும் நேரத்தில் அது ஓய்வெடுப்பதில்லை.' எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, "கமா சரியா இருக்கா பாரு" என்றார். அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

வசதியுள்ளவருக்குப் படம் கலங்கினால் அவர் கோவையில் இன்னொரு முறை எடுத்துக்கொள்வார். தறிக்காரரின் ஒரு நாள் கூலி இங்கே வந்துபோவதிலேயே போய்விடும். "இவங்களுக்கு ரெண்டாவது தடவ கெடையாதுப்பா" என்பார் ரெஜினா.

வரவேற்பறையில் ரெஜினாவின் படத்தை வைத்து மாலை போட்டார்கள். மேலாளர் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார். பொய். ரெஜினாவுக்குப் பொறுமையே கிடையாது. டீ ஆறியிருந்தால் கேன்டீன்காரரிடம் சண்டை போடுவார்; ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, பிரசங்கம் நீளம் என்று திட்டுவார். அவரிடம் இருந்தது கோபம். அதை வைத்துத்தான் அத்தனை பேருடைய இதயமும் நிற்கும் நேரத்தைத் தேடினார். மாலை வாடுவதற்குள் சுற்றறிக்கை வந்தது: இனி ஓட்டப்படம் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே நேரம்.

நேற்று ஒருவர் வந்தார். போர்வெல் ரிக் லாரியில் வேலை, காது மந்தம். நான் ஓட்டப்படம் எடுத்தேன். நேரத்தைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டு, சரசுவைத் திரைமுன் உட்காரவைத்து உள்ளே போனேன். மேலாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சரசு அவரைப் பார்க்காமல் எனக்குக் கையைத் தூக்கினார். நான் விரலை அழுத்தினேன்.

ரெஜினாவின் காதுமூடி என்னிடம் இருக்கிறது. உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் அவர் பெயர். அலுவலகத்தில் திருப்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. சுற்றறிக்கையை மீறியதற்குக் கடிதம் வரும் என்கிறார்கள். வரட்டும். பதிலை அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். கமாவும் சரியாக இருக்கிறது.