கன்னத்தை மூடியிருந்த அம்மா

விழுப்புரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முந்தானையால் இடது கன்னத்தை மூடியபடியே இருந்தார். வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக்கூட விரலால் நசுக்கி, முந்தானைக்குள் கையை விட்டுத்தான் சாப்பிட்டார்.

நான் ஆய்வகத் தோழியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எலும்பு வளர்ப்பதற்கான, சல்லடை போன்ற பாலிமர் துண்டின் மேற்பரப்பை மாற்றியமைத்ததில், எங்கள் சோதனை முதல்முறையாகப் பலித்திருந்தது. "பல்லுலேர்ந்து எடுத்த செல்லு நல்லா ஒட்டிக்கிச்சி. எலும்பு வளருதுடி!" என்று கத்தியேவிட்டேன்.

போனை வைத்ததும் அவர் மெல்லக் கேட்டார்: "நெஜமாவே எலும்பு வளருதாம்மா?"

"ஆமாங்க."

அவ்வளவு கூட்டத்தில் அவர் முந்தானையை விலக்கினார். கட்டி வந்து தாடை எலும்பை எடுத்துவிட்டார்களாம். கன்னம் உள்ளே குழிந்து கிடந்தது.

"இதுல வளருமா?"

"இன்னும் லேப்ல, சின்னத் தட்டுலதாங்க வளருது. மனுஷங்களுக்கு வச்சிப் பாக்கலீங்க."

அவர் அவசரமாகக் கன்னத்தை மூடிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். முன்சீட்டுக்காரர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கூச்சலை நம்பித்தான் அவர் முகத்தைத் திறந்தார்.

பஸ் திண்டிவனத்தில் நின்றது. கிளியனூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தவர், என் காதருகே குனிந்தார்.

"வலப்பக்கம் பல்லு நல்லாத்தாம்மா கீது. ஒங்களுக்கு ஆவும்னா ஒண்ணு எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அது எனக்குச் சொன்ன ஆறுதலா, அவரை இன்னும் விடாத ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.