மாதா முகம் பார்க்கும்வரை மீன் இல்லை

உம்பாய் கடற்கரையில் மீன் சுடுகிற மனுஷனுக்கே மீன்முள் தொண்டையில் சிக்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? என் வீட்டுக்காரருக்குச் சிக்கியது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மலாய்க்காரர் கடையில் அவர் வேலை செய்துகொண்டிருந்த காலம். சோற்றை உருட்டிக் கொடுத்தேன், வாழைப்பழம் கொடுத்தேன், முதுகில் நாலு போடும் போட்டேன். முள் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, ஒரு வேதக்கார அக்கா, வேளாங்கண்ணி மாதா படத்தை என் கையில் வைத்தாள். பயத்தில் வாய்க்கு வந்தபடி நேர்ந்துகொண்டேன். “தாயே, இவரைக் காப்பாத்து. ஒன் மொகத்த நேர்ல பாக்கிற வரைக்கும் இவரு மீன் தொடமாட்டாரு.” மறுநாள் முள்ளை எடுத்துவிட்டார்கள். நான் பிறந்த லூபோக் சீனா தோட்டத்து முனியாண்டியிடம் சொல்லியிருந்தால் ஒரு சேவலோடு முடிந்திருக்கும்.

“நேந்துக்கிட்டது நீ, வாயக் கட்டுறது நானா?” என்று குதித்தார்.

“முள்ளு யாரு தொண்டையில இருந்திச்சு?” என்றேன்.

இந்தியாவுக்குப் போக வசதி கூடிவர ஒன்றரை வருஷம் ஆயிற்று. சாயங்காலமெல்லாம் மிளகாய்ச் சம்பல் தடவி ஊருக்கு மீன் சுட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பருப்பை முறைத்துப் பார்ப்பார். பூனைக்கு மீன்தலை போட்டால்கூட அவருக்கு ஆத்திரம் வரும். இதற்குள் என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. இந்தியா போய் வந்ததும் ஆப்பரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் எந்தச் சாமியையும் தொந்தரவு செய்யவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நேர்த்திக்கடன் போதாதா?

வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், கோயிலுக்கு முன்னால் கண்ணில் பட்டது மீன்கடைதான். வரிசையாகக் கடைகள், தட்டுத் தட்டாக மசாலா தடவிய மீன். நம் ஊர்த் தெங்கிரியை அங்கே வஞ்சிரம் என்கிறார்கள். என் மனுஷன் நின்றுவிட்டார்.

“சாப்பிட்டுப் போங்க சார்!” என்றார் கடைக்காரர்.

“மொதல்ல அம்மாவப் பாத்துட்டு ஓடியாறேன். அந்த நடுத்துண்டு எனக்கு. யாருக்கும் குடுத்துறாதீங்க!”

கோயிலில் வரிசை வால்போல நீண்டிருந்தது. இவர் எட்டி எட்டிப் பார்த்து, “இத்தன பேருமா மீன் சாப்புடாம இருக்காங்க?” என்றார். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி முறைத்தாள். நான் அவர் விலாவில் இடித்தேன்.

பட்டுச்சேலையில் மாதா நின்றாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. இவரைப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மீனுக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் கடைக்காரர் கூப்பிட்டார். “சார், ஒங்க துண்டு!” இவர் காதில் விழாதவர்போல நடந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? போய்ச் சாப்புடுங்கலா!”

“வேணாம்லா.”

“மொகத்தத்தான் பாத்தாச்சே!”

“பாத்தேன். ஒன் கழுத்து நல்லாவணும், நான் மீன் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “எப்ப வரைக்கும்?”

நடுத்தெருவில் நின்று யோசித்தார். “அதச் சொல்ல மறந்துட்டேன்.”

“கூறுகெட்ட மனுஷா!” என்று கத்திக்கொண்டே அழுதேன். பாசிமணி விற்கிற பெண் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தாள். அப்புறம் அந்த நடுத்துண்டை நான்தான் தின்றேன். கையில் படுவது தொட்டதில் சேராது என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ருசி எப்படி என்று கேட்டார். நம்ம ஊர் மாதிரி வராது என்றேன். பொய்தான், அபாரமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் கட்டியை எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவர் இன்னும் மீன் சுடுகிறார், பருப்புதான் சாப்பிடுகிறார். இன்னொரு தடவை போய், போதுமா என்று மாதாவிடம் கேட்டுவரலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

“நீ சும்மா இருலா. கேட்டா போதும்னு சொல்லிருவாங்க. அப்புறம் ஒன் கழுத்த யாரு பாத்துக்கிறது?”